தாத்தா வாங்கின 20 போர்: வீட்டுல இருக்கிற டபுள் பேரலை என்ன செய்றது?

போன தடவை திருச்செந்தூர் போயிருந்தப்ப அப்பா பீரோவுல இருந்து ஒரு நீளப் பையை எடுத்தார். உள்ளே தாத்தா வாங்கின இங்கிலாந்து ரெட்டைக்குழல் துப்பாக்கி. தாத்தாவுக்கு அப்புறம் 1996-ல இருந்து லைசென்ஸ் அப்பா பேர்ல இருக்கு. "இத நீ வச்சுக்கிடுதியால, இல்ல ஒப்படைச்சிரவா?"ன்னு கேட்டார். எனக்கு உடனே பதில் வரல. அதுக்கப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, 20 போர்னா என்ன? ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தை 20 சம உருண்டையாப் பிடிச்சா, ஒரு உருண்டையோட விட்டம்தான் குழலோட உள்விட்டம். சுமார் 15.6 மி.மீ. 12 உருண்டையாப் பிடிச்சா 12 போர், 18.5 மி.மீ. நம்பர் கூடக்கூட குழல் ஒடுங்கும். வேட்டி நூல்ல 40-ஐ விட 80 நைஸா இருக்கும்ல, அதே மாதிரி. 410 மட்டும் விதிவிலக்கு. அது 0.410 அங்குலம்னு நேரடி அளவு.

சின்ன போர் துப்பாக்கி எடை குறைவு. நாள் பூரா தேரிக்காட்டுல தோள்ல போட்டு நடக்கலாம். கௌதாரி, காடைக்கு அது போதும். அந்தக் காலம் முடிஞ்சு போச்சு. 1972-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோட, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுறதும் நின்னுபோச்சு. அது நல்லதுதான்.

பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் பழைய 20, 28 போர் டபுள் பேரலைத் தேடித்தேடி வாங்குறாங்க. 12 போரை விட இதெல்லாம் குறைவாத்தான் செஞ்சாங்க, அதனால விலையும் அதிகம். நம்ம ஊர்ல கதை தலைகீழ். கடையில சுலபமாக் கிடைக்கிறது 12 போர் தோட்டாதான், அதனால சின்ன போரைக் கேட்டு வர்ற ஆள் குறைவு. சேர்த்து வைக்கலாம்னாலும் சட்டம் விடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் 3 இல்ல, 2 துப்பாக்கிதான் வச்சுக்க முடியும். பரம்பரையா வந்ததும் அந்த 2-க்குள்ளதான். இந்தியாவுல 'கலெக்‌ஷன்'னா அவ்வளவுதான்!

பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. துப்பாக்கி நகை மாதிரி தானா வாரிசுக்கு வராது. லைசென்ஸ்தாரர் இறந்துட்டா, வீட்டுல இருக்கிறவங்க அதைத் தாமதிக்காம போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். அப்புறம் வாரிசு தன் பேர்ல லைசென்ஸ் கேட்கணும். குறிப்பிட்ட காலத்துக்குள்ள யாரும் கேட்கலன்னா, அரசு எடுத்துக்கும். நினைவுக்காகப் பரண்ல போட்டு வச்சிருந்தா அது சட்டவிரோத ஆயுதம்.

இருக்கும்போதே மாத்தவும் வழி உண்டு. 2016 ஆயுத விதிகள்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயசாகியிருக்கணும், இல்லன்னா அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்திருக்கணும். அப்போ ஒரு வாரிசுக்கு அவரே சம்மதிச்சு விடலாம். அப்பா 25-ஐத் தாண்டிட்டார். நமக்கும் போலீஸ் விசாரணை உண்டு. கிடைச்சே தீரும்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு, 'சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்ப்போம்'னு இறங்காதீங்க. குழலோட அடியில சோதனை முத்திரை இருக்கும். அதுல நைட்ரோன்னு இல்லாத பழைய குழல், கரும்பொடிக்கு மட்டும் சோதிச்சதா இருக்கலாம். இன்னிக்கு வர்ற தோட்டாவோட அழுத்தம் வேற. வீட்டுல 12-உம் 20-உம் சேர்ந்து இருந்தா இன்னும் ஆபத்து. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள்ள வழுக்கிப் போய் நடுவுல சிக்கும். காலின்னு நினைச்சு பின்னாடி 12 போட்டுச் சுட்டா குழலே வெடிக்கும். இதுக்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தாங்க.

கடைசியா அப்பாவுக்குப் போன் பண்ணி, "நானே விண்ணப்பம் போடுதேன்பா"ன்னேன்.

"சுடாத துப்பாக்கிக்கு எதுக்குல லைசென்ஸ்?"

"தாத்தா கையெழுத்துப் போட்ட பழைய லைசென்ஸ் புத்தகமும் துப்பாக்கியும் பிரியாம இருக்கட்டும்னுதான்பா."

கொஞ்ச நேரம் பேசல. "அப்போ எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு அலையிறதும் நீதான்"னு சொல்லிட்டு வச்சுட்டார்.

உங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்தா, இந்த வாரமே ஒண்ணு செய்யுங்க. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.