புதையல் தேடலும் மோர்மன் சமயத் தோற்றமும்

மாந்திரிகமும் சமயமும் வெவ்வேறு எனப் பிரித்து நோக்குவது அறிஞருலகில் பெருவழக்கு. மோர்மன் சமயத்தின் தொடக்கக் காலம் இப்பாகுபாட்டை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது.

இச்சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் 1805ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். வறுமையுற்ற அவர்தம் குடும்பம் பின்னர் நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவில் குடியேறியது. நிலத்தடியில் புதையல்கள் உள்ளன, அவற்றை ஆவிகள் காக்கின்றன, முறை பிறழ்ந்தால் அவை மண்ணுள் நழுவிவிடும் என அவ்வட்டார மக்கள் பலர் நம்பினர். மறைபொருளைக் காண்பதற்குச் சிலர் ஒரு கல்லைத் தொப்பிக்குள் இட்டு, ஒளி புகாதவாறு முகம் புதைத்து நோக்கினர். ஸ்மித்தும் இத்திறன் உடையவராக அறியப்பட்டார். ஜோசையா ஸ்டோவல் என்னும் உழவர் 1825இல் ஸ்பானியர் விட்டுச்சென்றதாகக் கருதப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தைத் தேட அவரைப் பணியமர்த்தினார். இதன் தொடர்பில் 1826இல் ஸ்மித் நீதிவிசாரணைக்கு உட்பட்டார். தொலைந்த பொருளைக் கண்டறிவதாகப் பாசாங்கு செய்வதை அம்மாநிலச் சட்டம் குற்றமாகக் கொண்டிருந்தது.

மொரோனி என்னும் வானதூதர் 1823இல் தோன்றிக் குன்றொன்றில் புதைந்துள்ள பொன்னேடுகளைப் பற்றி அறிவித்தார் என்பது ஸ்மித்தின் கூற்று. ஆண்டுதோறும் அங்குச் சென்று 1827இல் அவற்றைப் பெற்றதாகவும் அவர் உரைத்தார். அவ்வேடுகளின் மொழிபெயர்ப்பு எனப்படும் மோர்மன் நூல் 1830இல் வெளிவந்தது. திருச்சபையும் அவ்வாண்டே நிறுவப்பட்டது. மொழிபெயர்ப்பின்போதும் அவர் கல்லைத் தொப்பிக்குள் இட்டு நோக்கினார் என உடனிருந்தோர் சான்று பகர்ந்துள்ளனர்.

புதைந்த பொன், காவலர், நிபந்தனை ஆகிய கூறுகள் இரண்டிடத்தும் ஒத்துள்ளன. நோக்கமோ மாறுபடுகிறது. செல்வம் பெறும் எண்ணத்துடன் ஏடுகளை நாடலாகாது என வானதூதர் எச்சரித்ததாக ஸ்மித்தின் தன்வரலாறு கூறுகிறது. புதையல் வழக்காறு கைவிடப்படவில்லை. அது வேறொரு பொருண்மை பெற்றது எனலாம்.

இத்துறை ஆய்வில் விழிப்பும் தேவை. 1980களில் மார்க் ஹாஃப்மன் புனைந்த போலிக் கடிதம் ஒன்று, வானதூதருக்கு மாற்றாக வெண்ணிறப் பல்லியொத்த உயிரியைக் காட்டி அறிஞர் பலரை ஏமாற்றியது. எனினும், மைக்கேல் குவின் 1987இல் வெளியிட்ட விரிவான ஆய்வுநூல் இவ்வழக்காற்றின் பின்புலத்தை நிலைநாட்டியது. திருச்சபையும் 2015இல் அக்கல்லின் நிழற்படங்களை வெளியிட்டது.

எதிர்ப்பாளர் இவ்வழக்காற்றை ஏமாற்று என்றனர். ஆதரவாளர் நெடுங்காலம் அதனைப் பேசத் தயங்கினர். மாந்திரிகம் உண்மைச் சமயமாகாது என்னும் கருத்து இருசாராரிடமும் காணப்பட்டது. விவிலியம் ஓதியவாறே கல்லையும் நோக்கிய மக்களுக்கு அவ்வெல்லை அத்துணைத் தெளிவானதன்று. ஆகவே, ஒரு நம்பிக்கைக்கு ‘மாந்திரிகம்’ எனப் பெயரிடுமுன், அப்பெயரை இட்டவர் யாவர் என வினவுவதே ஆய்வாளரின் முதற்கடமையாகும்.