நிழலும் ஓர் அருட்கொடை

இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளைத் திருமறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம் எண்ணிக் காட்டுகிறது. பால், தேன், இல்லம், ஆடை ஆகியவற்றோடு நிழலும் அங்கே இடம்பெற்றிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாலைவெயிலில் வாழ்ந்த மக்களுக்கு நிழலின் அருமை தெரியும். சிமெண்டுச் சுவர்களுக்குள் வாழும் நமக்கோ, மின்சாரம் நின்றுபோகும் வேளையில்தான் அது நினைவுக்கு வருகிறது.

நகரத்தில் வீடு வாங்கும்போது எத்தனை அறைகள், என்ன விலை, பள்ளிவாசல் எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கேட்கிறோம். வெயில் எந்தச் சுவரில் விழும், காற்று எவ்வழியே நுழைந்து எவ்வழியே வெளியேறும் என்று கேட்பவர் மிகச் சிலரே. இதன் துன்பத்தைப் பகல் முழுதும் சுமப்பவர்கள் வீட்டிலிருக்கும் பெண்களும் முதியோரும் குழந்தைகளும்தான். எதிர்வீட்டு ஜன்னல் பத்தடித் தொலைவில் இருப்பதால் நம் ஜன்னல் எப்போதும் மூடியே கிடக்கிறது. கனத்த திரையும் தொங்குகிறது. கோஷா காக்கப்படுகிறது, காற்றும் வெளிச்சமும் பறிபோகின்றன.

மறைவு வேண்டுமானால் புழுக்கத்தைச் சகித்தே ஆகவேண்டுமா? இல்லை என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டிய நகரம் ஒன்று உண்டு. அது கெய்ரோ.

கெய்ரோவின் மர ஜன்னல்கள்

பழைய கெய்ரோவில், அத்தர்புல் அஸ்ஃபர் என்னும் சந்தில் ‘பைத்துஸ் ஸுஹைமீ’ என்ற மாளிகை இருக்கிறது. 1648இல் கட்டப்பட்டு, 1796இல் விரிவாக்கப்பட்ட அந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் வாசலில் நுழைபவர் நேராக வீட்டுக்குள் சென்றுவிட முடியாது. நடைபாதை ஒரு திருப்பம் திரும்பிய பின்னரே முற்றம் தெரியும். கதவு திறந்திருந்தாலும் தெருவில் போவோரின் பார்வை உள்ளே புகாது. ஆளை விரட்டவும் வேண்டாம், திரை போடவும் வேண்டாம்.

மாடி ஜன்னல்களில் ‘மஷ்ரபிய்யா’ எனப்படும் மரப்பின்னல் அமைந்திருக்கிறது. கடைந்தெடுத்த சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து இதைச் செய்வார்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். நேர்வெயில் தடுக்கப்பட்டு, கண்கூசாத மென்மையான ஒளி மட்டும் பரவும். கண்மட்டத்தில் நெருக்கமான பின்னல், அதற்கு மேலே அகன்ற பின்னல் என்று அமைத்து, மறைவையும் காற்றோட்டத்தையும் ஒருசேர நிறைவேற்றினார்கள். அங்கே வைத்த மண்பானைகளில் காற்று பட்டு, குடிநீரும் குளிர்ந்தது. பருகுதல் என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பர்.

கெய்ரோவின் பழைய மாளிகைகள் பலவற்றில் ‘மல்கஃப்’ எனப்படும் காற்றுக் கூண்டும் உண்டு. குளிர்ந்த வடகாற்றை நோக்கிக் கூரைமேல் திறந்திருக்கும் அது, தெருப்புழுதிக்கு மேலேயுள்ள தூய காற்றைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கும். வெப்பக் காற்று உயர்ந்து, நடுக்கூடத்தின் உச்சியிலுள்ள திறப்புகள் வழியே வெளியேறும்.

இந்த அறிவை இருபதாம் நூற்றாண்டில் உலகுக்கு மீண்டும் எடுத்துரைத்தவர் எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989). மண்செங்கல்லும் முற்றமும் மரப்பின்னலும் ஏழைகளுக்கும் எட்டக்கூடிய நல்ல இல்லங்களைத் தரும் என்பதே அவர் வாழ்நாள் வாதம். அவரது பணிக்காக 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது.

ஜித்தாவின் கூடாரங்கள்

ஜித்தா வழியாக ஹஜ்ஜுக்குச் சென்று வந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில், தலைக்கு மேலே விரிந்திருக்கும் வெண்ணிறக் கூடாரங்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1981இல் திறக்கப்பட்ட அம்முனையத்தில் அத்தகைய கூடாரங்கள் 210 உள்ளன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம். வெயிலின் பெரும்பகுதியை அந்தத் துணி திருப்பி அனுப்பிவிடும். பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று தடையின்றி வீசும். வெப்பக் காற்று கூடாரத்தின் உச்சித் திறப்பு வழியே மேலேறிவிடும். பல்லாயிரம் ஹாஜிகள் காத்திருக்கும் அத்தனை பெரிய இடத்தைக் குளிர்விக்கும் வேலையை நிழலும் காற்றுமே பெரும்பாலும் செய்கின்றன. இதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றிய பொறியியலாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

2012இல் அபுதாபியில் எழுந்த ‘அல் பஹ்ர்’ இரட்டைக் கோபுரங்கள் மஷ்ரபிய்யாவையே இயந்திரமாக்கின. ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மறைப்புகள், சூரியன் நகர நகர, குடைபோல் விரிந்து மடிகின்றன. உள்ளே புகும் வெயிலின் வெப்பம் பாதியளவு குறையும் என்பது வடிவமைத்தோர் கணக்கு. ஆனால் விசையால் இயங்குவதற்குப் பராமரிப்பும் வேண்டும். பாரிஸிலுள்ள அரபு உலக நிறுவனத்தின் (1987) கண்பாவை போன்ற ஜன்னல் பொறிகள் பலமுறை பழுதுபட்டன. கெய்ரோவின் மரப்பின்னலோ எந்த விசையும் இன்றி நூற்றாண்டுகளாய் நிற்கிறது.

நம் இல்லத்தில்...

சகோதர சகோதரிகளே! அடுக்குமாடி வீட்டில் முற்றம் அமைக்க முடியாதுதான். எனினும் இயன்றவை பல உண்டு.

கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து நின்று சுடுவதால், ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு மட்டும் போதாது. அங்கே மரத்திலோ சுட்டமண்ணிலோ சிமெண்டிலோ ஜாலி அமையுங்கள். வெயில் சுவரைத் தொடுமுன் தடுபடும், கோஷாவும் நிலைக்கும், ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். ஒரு ஜன்னல் இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு திறப்பு இருக்கட்டும்; வழி இல்லாத காற்று உள்ளே வராது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், மேல்மாடி அறையின் வெக்கை கணிசமாகத் தணியும்.

தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அது முக்கால் லிட்டர் அளவே. நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பல லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு தனிக்குழாய் போட்டால், அந்நீர் வாழைக்கோ தென்னைக்கோ பயன்படும். தமிழகத்தில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைக் கண்டோம். உங்கள் வீட்டுத் தொட்டி தூர்ந்து கிடக்கிறதா என்று மழைக்கு முன் பாருங்கள்.

அண்டை வீட்டார் உரிமையும் இதில் அடங்கும். 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ, பிறர் வீட்டை நோக்கும் ஜன்னல் பற்றிய சட்டங்களையும் தொகுத்து நூல் எழுதினார். நம் ஜன்னல் பிறர் வீட்டுப் பெண்களை முடக்கக்கூடாது. நம் சுவர் அவர்களுடைய காற்றை அடைக்கக்கூடாது.

மேஸ்திரியிடம் வரைபடத்தைக் கொடுக்குமுன், அவ்வீட்டில் பகல் முழுதும் இருக்கப்போகிறவர்களை அழைத்து அமர்த்திக் கலந்து பேசுங்கள். வெயில் எங்கே படும், காற்று எங்கே வரும் என்பது அவர்களுக்கே நன்கு தெரியும். அந்த ஆலோசனைக்குச் செலவு ஏதுமில்லை.