பதிவு பண்ணின நிகழ்ச்சி எங்கே இருக்கு?



நாம குழுக் கூட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் டி.வி.யில் ஆடு வளர்ப்பு பற்றி நல்ல நிகழ்ச்சி ஓடும். "பதிவு போட்டு வச்சிட்டுப் போம்மா, ராத்திரி வந்து பார்த்துக்கலாம்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சரி, பதிவு ஆகிறது. ஆனால் அது எங்கே போய் உட்காருது? டி.வி.க்குள்ளேயா? கூரை மேல் இருக்கிற டிஷ்ஷிலா? கம்பெனியிலா? இது தெரியாமல் இருந்தால் ஆசையாய்ப் பிடித்து வைத்த பதிவும் போகும், சில நேரம் குழுக் கணக்கே போய்விடும். அதனால் இந்த இதழில் இதைத் தெரிந்து கொள்வோம்.

கேசட் காலம்

டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பார்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது படம் கேசட் நாடாவில் இருந்தது. அதே கேசட்டைப் பக்கத்து வீட்டு டெக்கில் போட்டாலும் ஓடியது.

1999-ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டி.வி. என்று இரண்டு பெட்டிகள் வந்தன. இவற்றில் கேசட் கிடையாது. கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நம் நாட்டில் 2008-ல் டாடா ஸ்கை நிறுவனம் இப்படி ஒரு பெட்டியைக் கொண்டு வந்தது. (2022 முதல் அதன் பெயர் டாடா ப்ளே.)

பதிவு தங்கும் மூன்று இடங்கள்

1. பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்: உள்ளே ஒரு வட்டத் தகடு வேகமாகச் சுற்றும். நிகழ்ச்சி காந்த முறையில் அதன் மேல் பதியும். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து தொடர்ந்து பார்க்கிறோமே, அந்தச் சில நிமிடங்களும் இதில்தான் பதிகின்றன.

2. பென் டிரைவ்: பல பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க் இருக்காது. பின்பக்கமோ முன்பக்கமோ யு.எஸ்.பி. ஓட்டை மட்டும் இருக்கும். அதில் நாம் வாங்கிச் செருகும் பென் டிரைவில்தான் பதிவாகும். செருகாவிட்டால் பதிவு இல்லை.

3. கம்பெனியின் கம்ப்யூட்டர்: நிகழ்ச்சி வீட்டில் இருக்காது. இன்டர்நெட் வழியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2017-ல் வந்த யூடியூப் டி.வி. இந்த முறைதான். பதிவு 9 மாதம் இருக்கும், பிறகு போய்விடும்.

ஆக, நம் வீட்டில் டி.வி.யிலும் டிஷ்ஷிலும் எதுவும் தங்குவதில்லை. பெட்டியிலோ அதில் செருகிய பென் டிரைவிலோதான் தங்குகிறது.

எவ்வளவு பிடிக்கும்?

சாதாரணப் படம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 முதல் 2 ஜி.பி. இடம் பிடிக்கும். எச்.டி. படம் என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அப்படியானால் 16 ஜி.பி. பென் டிரைவில் சாதாரணப் படம் 8 மணி நேரமாவது பதியலாம். நிறைந்துவிட்டால் புதுப் பதிவு நின்றுவிடும். சில பெட்டிகள் பழைய பதிவைத் தானாகவே அழித்துவிடும். முக்கியமானதை அழிக்காமல் வைக்கும் வசதி உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டும் சாவியும்

கேசட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். பணம் கட்டாதவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கம்பெனி சேனல்களைப் பூட்டித்தான் அனுப்புகிறது. பதிவும் பெரும்பாலும் பூட்டோடுதான் இருக்கும். திறக்கும் சாவி உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் அந்தப் பென் டிரைவை அக்கா வீட்டுப் பெட்டியில் செருகினால் ஓடாது. கம்ப்யூட்டரிலும் பொதுவாக ஓடாது. சில பெட்டிகளில் சந்தா கட்டாமல் விட்டால் பழைய பதிவும் திறக்காது.

பெட்டி பழுதாகி மாற்றினாலோ, வேறு கனெக்‌ஷனுக்குப் போனாலோ, இலவசமாகத் தந்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாலோ பதிவு அதோடு போச்சு. கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

கணக்கு பென் டிரைவைச் செருகாதீங்க!

சகோதரிகளே, இதைக் கட்டாயம் கவனியுங்கள். புதுப் பென் டிரைவைச் செருகியதும் பல பெட்டிகள் "பார்மட் செய்யலாமா?" என்று கேட்கும். பார்மட் என்றால் அதில் இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது. சரி என்று அழுத்தினால் அதில் இருந்த சேமிப்புக் கணக்கு, கடன் பேரேடு, கல்யாணப் போட்டோ எல்லாம் போய்விடும். திரும்ப எடுப்பது கஷ்டம். எடுத்துத் தருகிறேன் என்பவர்களும் நிறையப் பணம் கேட்பார்கள். டி.வி.க்கு என்று தனியாக ஒரு பென் டிரைவ் வையுங்கள். அதன் மேல் சிவப்பு நூல் கட்டுங்கள். கணக்கு பென் டிரைவ் ஊக்குநர் பையிலேயே இருக்கட்டும். கணக்குக்கு நோட்டுப் பிரதியும் வேண்டும்.

பதிவு ஏன் ஆகவில்லை?

* டி.வி.யை நிறுத்தலாம், பெட்டியின் சுவிட்சை நிறுத்தக் கூடாது. கரண்டு இருந்தால்தான் பெட்டி பதியும்.
* கரண்டு போனாலும், பெருமழையில் டிஷ் சிக்னல் போனாலும் அந்த நேரத்து நிகழ்ச்சி பதியாது.
* பெட்டி மேல் பூப்போட்ட துணி போட்டு மூடாதீர்கள். சூடேறிக் கெடும்.
* ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியை ஓடும்போது நகர்த்தக் கூடாது. அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு தூக்குங்கள்.

வாங்கும் முன் கேளுங்கள்

கடன் எடுத்தாவது பெரிய பெட்டி வாங்கலாம் என்று நினைப்பவர்கள் விற்பவரிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. பதிவு பெட்டியிலா, பென் டிரைவிலா?
2. பென் டிரைவ் நீங்கள் தருவீர்களா, நாங்கள் வாங்கணுமா?
3. பதிவு வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டா?
4. சந்தா நின்றால் பழைய பதிவு ஓடுமா?
5. பெட்டி எங்களுக்குச் சொந்தமா, திருப்பித் தரணுமா?

பதில் சரியாகச் சொல்லாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நம் குழு உறுப்பினர் டி.வி.யில் பேசினால் அதைப் பெட்டியை மட்டும் நம்பி விடாதீர்கள். ஓடும்போதே திரையைச் செல்போனில் படம் பிடியுங்கள். சேனல் பெயர், தேதி, நேரத்தைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பல சேனல்கள் தங்கள் நிகழ்ச்சிகளை யூடியூப்பிலும் போடுகின்றன. பொதிகை சேனல் 2024 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது, தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களுக்குச் சிவப்பு நூல் விஷயத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.