பழைய வீடியோ கேம் மேசையில் துருப்பிடித்த ஸ்குரூ: அவசரப்படாமல் கழற்றுவது எப்படி?

ஒரு காலத்தில் நம் சிறுநகரங்களில் ஒட்டுக்கடை ஓரத்திலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு வீடியோ கேம் பெட்டி நிற்கும். பள்ளி விட்டதும் சில்லறையை எண்ணிக்கொண்டு ஓடியவர்கள் பலர் இன்று தாத்தா ஆகிவிட்டார்கள். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இல் நாம்கோ வெளியிட்ட ‘பேக்-மேன்’ ஆகியவை அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட மேசை வடிவப் பெட்டி ஒன்று என் மச்சான் வீட்டு ஸ்டோரில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. மறைந்த என் மாமா நடத்திய கடையின் நினைவாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைத் தன் பையனுக்கு ஓட்டிக் காட்ட மச்சான் ஆசைப்பட்டார். ஜாய்ஸ்டிக் ஒரு பக்கம் அசையவில்லை. அதைப் பிடித்திருந்த நான்கு ஸ்குரூக்களையும் கழற்ற பேட்டரி டிரில்லை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் இரண்டு ஸ்குரூக்களின் தலை மொட்டையாகிவிட்டது. அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

துரு ஏறியதால்தான் ஸ்குரூ கெட்டுப்போகிறது என்று பலர் நினைக்கிறோம். துரு அதை இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தலையை மொட்டையாக்குவது பெரும்பாலும் பொருந்தாத திருப்புளியும் நம் அவசரமும்தான்.

முதலில் பாதுகாப்பு

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்குங்கள். பழைய பெட்டிகளில் இருப்பது கண்ணாடிக் குழாய்த் திரை. அதில் சுமார் 20,000 வோல்ட் மின்சாரம் ஓடும். பிளக்கை எடுத்த பிறகும் அது குழாயில் தங்கியிருக்கலாம். ஜாய்ஸ்டிக் பகுதியைத் தவிர வேறு எங்கும் கை வைக்க வேண்டாம். திரையைக் கழற்ற வேண்டியிருந்தால் அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

திருப்புளி பொருந்துகிறதா?

கூட்டல் குறி போட்ட ஸ்குரூ எல்லாம் ஒன்றல்ல. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ‘பிலிப்ஸ்’ திருப்புளி. ஜப்பான் பெட்டிகளில் இருப்பது ‘ஜேஐஎஸ்’ எனப்படும் ஜப்பான் தர ஸ்குரூ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பான் ஸ்குரூவின் குழியில் அடிவரை இறங்காது. பலமாகத் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் குழியின் ஓரத்தைச் சீவிவிடும். தலையில் ஒரு சிறு புள்ளி குத்தியிருந்தால் அது ஜேஐஎஸ் வகையாக இருக்கலாம். எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருக்காது.

ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. பிலிப்ஸ் ஸ்குரூவுக்கும் அது ஓரளவு பொருந்தும். முனையைக் குழியில் வைத்து இலேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது சரியான அளவு இல்லை.

அழுக்கா, துருவா?

ஜாய்ஸ்டிக் பக்கத்தில் பல வருட வியர்வை இருக்கும். சிரப், தே ஐஸ் சிந்திக் காய்ந்திருக்கும். வியர்வையின் உப்பு துருவை வளர்க்கிறது. இனிப்புத் தண்ணீர் காய்ந்தால் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பசையை எண்ணெய் கரைக்காது, வெந்நீர் கரைக்கும். ஊசியால் குழியைச் சுரண்டி, வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள்.

அதன் பிறகுதான் எண்ணெய். இலேசான துருவுக்கு டபிள்யூடி-40 போதும். கடுமையான துருவுக்கு ஹார்டுவேர் கடையில் ‘பெனட்ரேட்டிங் ஆயில்’ என்று கேளுங்கள். நேராக ஸ்ப்ரே அடிக்காமல், குச்சியில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுவிட்சுக்குள் எண்ணெய் போனால் பட்டன் வேலை செய்யாது. சில பிளாஸ்டிக்கில் எண்ணெய் பட்டால் வெடிப்பு விடும். ஓர் இரவு ஊற விடுங்கள். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மரை இறுகிப்போகிறது. எண்ணெய் அதற்குள் இறங்க நேரம் வேண்டும்.

முதல் அசைவு

காலையில் திருப்புளியைக் குழியில் நிறுத்தி, அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் துரு விரிசல் விடும். பிறகு உடனே கழற்றப் பார்க்காமல், இறுக்கும் பக்கமாகச் சிறிது திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் பிடி விட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் கழற்றும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். உங்கள் பலத்தில் பெரும் பங்கு கீழ்நோக்கி அழுத்துவதற்குப் போகட்டும். இந்த வேலைக்குப் பேட்டரி டிரில் வேண்டாம். வழுக்கப் போவதைக் கை உணரும், டிரில் உணராது.

தலை மொட்டையாகிவிட்டால்

குழியில் கொஞ்சம் பிடி மிஞ்சியிருந்தால், அகலமான ரப்பர் பேண்டை மேலே வைத்து அதன்மேல் திருப்புளியை அழுத்துங்கள். தேய்ந்த இடத்தை ரப்பர் நிரப்பிப் பிடிகொடுக்கும். வால்வு தேய்க்கும் பேஸ்டைத் திருப்புளி முனையில் தடவினாலும் வழுக்கல் குறையும்.

தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால், லாக்கிங் பிளையரால் ஓரத்தைக் கவ்வித் திருப்பலாம். இல்லையென்றால் ரம்பத்தால் தலையில் ஒரு கோடு அறுத்து, தட்டைத் திருப்புளியைப் பயன்படுத்தலாம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இரும்புத்தூள் சர்க்யூட் பலகையில் விழாமல் துணி போட்டு மூடுங்கள்.

அமெரிக்க மரப்பெட்டிகளில் வேறு வகை போல்ட் இருக்கும். மேலே வழவழப்பான வட்டத் தலை, கீழே நட்டு. துருப்பிடித்த நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மரை நுனியை லாக்கிங் பிளையரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் நட்டை அறுத்துவிடலாம். நட்டு மலிவு, பழைய பலகைதான் கிடைக்காது.

கடைசி வழி டிரில். 4 மில்லிமீட்டர் ஸ்குரூ என்றால், சிறிய முனையில் தொடங்கி 4 மில்லிமீட்டர் முனைவரை தலையின் நடுவில் மெதுவாகத் துளையிடுங்கள். தலை மட்டும் கழன்று விழும். ஜாய்ஸ்டிக் தகட்டைத் தூக்கியதும் ஸ்குரூவின் உடல் வெளியே தெரியும். எண்ணெய் விட்டு, பிளையரால் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும்.

மச்சான் தொடாத இரண்டு ஸ்குரூக்களும் ஓர் இரவு எண்ணெயில் ஊறிய பின் சாதாரணமாகவே கழன்றன. மொட்டையானதில் ஒன்று ரப்பர் பேண்டுக்கு மசிந்தது. நான்காவதற்கு டிரில் போட வேண்டியிருந்தது. அப்போது முனை ஒருமுறை வழுக்கி, தகட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கைத் துடைத்துப் பூட்டியாயிற்று. அந்தக் கீறல் மட்டும் அப்படியே இருக்கும்.

திரும்பப் பூட்டும்போது அதே அளவு, அதே மரையில் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ வாங்குங்கள். பழைய ஸ்குரூ ஒன்றைக் கடைக்குக் கையோடு கொண்டு போனால் அளவு தவறாது. மரையில் ஒரு துளி கிரீஸ் தடவி, கையால் இறுக்கினால் போதும். அடுத்த முறை கழற்றப் போவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். அவருக்காவது அது எளிதாகக் கழன்று வரட்டும்.