பள்ளம் தோண்டியவர் ஒருவர், பணம் கட்டுபவர் யார்?

மும்பையில் மழைக்காலம் நெருங்கினால் நம்மவர் வீடுகளிலும் சொசைட்டிகளிலும் மண்வேலை தொடங்கிவிடும். கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம், மழைநீர்த் தொட்டி என்று ஏதாவது ஒன்று. கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே காலம் கழித்தவன் என்பதால், அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காண்ட்ராக்டரின் ஆள் கேபிளை வெட்டிவிட்டான். நஷ்டஈடு கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் கடப்பாரையைத் தொடவே இல்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்?"

சில சமயம் கட்ட வேண்டியதில்லை. சில சமயம் கட்டித்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், தோண்டியவர் யார் என்று பார்க்க வேண்டும். நாக்காவில் நிற்கும் இரண்டு ஆட்களைத் தினக்கூலி பேசி அழைத்து வந்து, பக்கத்தில் நின்று "இங்கே தோண்டு, அங்கே தோண்டு" என்று நீங்களே வேலை வாங்கினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் முதலாளி, அவர்கள் உங்கள் வேலையாட்கள். வேலையின்போது அவர்கள் கவனக்குறைவால் செய்த சேதம் உங்கள் தலையில்தான் விழும்.

மொத்த வேலையையும் ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்து, எப்படிச் செய்வது என்பதை அவர் பொறுப்பில் விட்டிருந்தால் கதை வேறு. அவருடைய கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. நம் நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் ஆங்கிலேயப் பொதுச் சட்டக் கோட்பாடுகளையே தழுவி நிற்பதால், இரண்டு பழைய வழக்குகளைச் சொல்கிறேன்.

ஒன்று 1853-ல் ஷெஃபீல்டு நகரில் எழுந்தது. தெருவைத் தோண்ட உரிமை இல்லாத ஒரு கேஸ் கம்பெனி காண்ட்ராக்டரை வைத்துத் தோண்டியது. அவருடைய ஆட்கள் விட்டுப்போன கற்குவியலில் இடறி ஒரு பெண்மணி காயமடைந்தார். தோண்டியதே சட்டவிரோதம் என்பதால், பழியைக் காண்ட்ராக்டர் மேல் தள்ளிவிட்டு ஒதுங்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. நம் கேட்டுக்கு வெளியே உள்ள நடைபாதை மாநகராட்சியுடையது. அனுமதி இல்லாமல் அதில் கடப்பாரை போடச் சொன்னால் நம் நிலையும் இதேதான்.

மற்றது 1876-ல் முடிந்த போவர் எதிர் பீட் வழக்கு. அஸ்திவாரம் தோண்டியதில் பக்கத்து வீடு சேதமானது. சேதம் வந்தால் நான் சரிசெய்கிறேன் என்று காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டிருந்தும், வேலை கொடுத்தவரே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இயல்பிலேயே பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேலையில், தற்காப்பு ஏற்பாட்டைச் செய்யும் கடமையைக் கைமாற்றிவிட முடியாது என்பதே இதன் சாரம்.

விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்குத் தாணே உதாரணம். அங்கே போர்வெல் போட்டபோது மும்பைக்குக் குடிநீர் வரும் சுரங்கப்பாதையில் ஓட்டை விழுந்தது. பழுதுபார்ப்பதற்காக 2023 மார்ச் 31 முதல் 30 நாட்களுக்கு மும்பையில் 15 சதவீதக் குடிநீர் வெட்டு அறிவிக்கப்பட்டது. துளை போட்டது ஓர் இடம், தாகம் ஊர் முழுவதற்கும்!

ஆகவே, தோண்டுவதற்கு முன் கேட்பதுதான் நமக்குக் கவசம். 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை வெளியிட்டது. தோண்டும் இடத்தை அதில் பதிவு செய்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அதோடு நிற்காமல் கேஸ், மின்சாரம், குடிநீர் அலுவலகங்களுக்கும் எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கேபிள் போகலாம் என்று சந்தேகம் இருந்தால் ஜேசிபி வேண்டாம். சிறு குழியாகக் கையால் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் படுகையும் அதன்மேல் வரிசையாக அடுக்கிய செங்கல்லும் தென்பட்டால் கீழே மின்கேபிள் இருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

காண்ட்ராக்டரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். அனுமதி வாங்குவது யார், குழாய், கேபிள்களுக்குச் சேதம் வந்தால் ஈடு செய்வது யார் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அந்த உறுதிமொழி கேபிள் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் கட்டிய பணத்தைக் காண்ட்ராக்டரிடம் திரும்பக் கேட்க, 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124, 125-வது பிரிவுகள் கைகொடுக்கும். கடைசித் தவணையை வேலை முடிந்து எல்லா இணைப்புகளையும் சரிபார்த்த பிறகே கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சேதம் நேர்ந்தால் மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், எல்லோரையும் தூரமாக அழைத்துச் சென்று, பில்லில் உள்ள அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். புகைப்படம் எடுப்பது, நோட்டீசுக்குப் பதில் எழுதுவது, வக்கீலைப் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம். பணத்தை எப்படியும் பேசித் தீர்க்கலாம். குழிக்குள் நிற்பவனும் ஒரு குடும்பத்தின் பிள்ளை.