புற்றுநோய் கண்ணுக்குப் பரவினால்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் கண்ணின் படத்தை வரையும்போது கண்பாவை, விழிலென்சு, விழித்திரை என்று நிறுத்திச் சொல்கிறோம். விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற மெல்லிய படலம் உண்டு. தேர்வில் அதிகம் கேட்பதில்லை என்பதால் அதைப் பற்றி நாம் பெரிதாகப் பேசுவதில்லை. இரத்தக்குழாய்கள் நெருக்கமாக நிறைந்த படலம் அது. உடலில் வேறிடத்தில் தோன்றிய புற்றுநோய்ச் செல்கள் இரத்தத்தோடு வந்து கண்ணில் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் பரவுவதே அதிகம்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகளாக எங்களோடு பணியாற்றிவந்த ஆசிரியை ஒருவர், வருகைப் பதிவேட்டின் கோடுகள் ஒரு கண்ணுக்கு மட்டும் வளைந்து தெரிவதாகச் சொன்னார். நாற்பதைக் கடந்தவர் இப்படிச் சொன்னால், "வெள்ளெழுத்தாக இருக்கும் டீச்சர், கண்ணாடியை மாற்றுங்கள்" என்பதுதான் ஆசிரியர் அறையின் வழக்கமான வைத்தியம். அவரோ பழைய சிகிச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்த்ததில், கோராய்டில் மஞ்சள் நிறத் திட்டு தெரிந்தது. திட்டைச் சுற்றி நீர் கோத்து விழித்திரை மேடு தட்டியிருந்தது. திரை சுருங்கினால் படமும் நெளியும் அல்லவா?

கண்ணை எடுத்துவிடுவார்களோ என்பதே அவருடைய முதல் பயம். பொதுவாக அப்படிச் செய்வதில்லை. பார்வை முற்றிலும் போய், வலியும் அடங்காத நிலையில்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

நோய் இரத்தத்தின் வழியாகப் பரவியிருப்பதால், முதலில் உடல் முழுவதையும் பரிசோதிக்கிறார்கள். கீமோதெரபி, ஹார்மோன் மாத்திரை, செல்லின் குறிப்பிட்ட புரதத்தைத் தாக்கும் மருந்து ஆகியவற்றில் நோய்க்கு ஏற்றதைத் தருவார்கள். பலருக்கு இதிலேயே கண்ணிலுள்ள கட்டியும் சுருங்கிவிடும். பார்வைக்கு உடனடி ஆபத்து இருந்தால் கதிர்வீச்சு தேவைப்படும். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை, நாளுக்குச் சில நிமிடங்கள் நடக்கும். கட்டி சிறியதாகவும் ஒன்றாகவும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ரூதீனியம்-106 அல்லது அயோடின்-125 கொண்ட சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, சில நாட்களில் எடுத்துவிடுகிறார்கள். அணுக்கரு இயற்பியல் நடத்துபவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கதிர்வீச்சுக்குப் பிறகு கண் உலரலாம், கண்புரை வரலாம். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து விழித்திரையும் பாதிக்கப்படலாம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கண்ணுக்குத் தரும் இந்தச் சிகிச்சை புற்றுநோயை வேரோடு நீக்குவதில்லை. பார்வையைக் காப்பதே அதன் நோக்கம். எழுத்தோடு வாழும் நமக்கு அது சிறிய விஷயமா என்ன? எங்கள் ஆசிரியைக்கு ஹார்மோன் மாத்திரையும் இரண்டு வாரக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கோடுகள் இப்போது பெரும்பாலும் நேராகத் தெரிகின்றன. உடலுக்கான சிகிச்சை தொடர்கிறது.

சிலருக்கு, குறிப்பாக நுரையீரல் புற்றுநோயில், கண்ணில் தெரியும் மாற்றமே நோயின் முதல் அறிகுறியாக இருப்பதும் உண்டு. கோடு வளைதல், கண்முன் நிழல், ஒளிக்கீற்று மின்னுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோடு போட்ட நோட்டைப் பாருங்கள். பிறகு மற்ற கண்ணால் பாருங்கள்.