வழிகாட்டியைச் சோதித்துப் பாருங்கள்!

மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கும் பெண்மணிகளைக் கவனித்திருக்கிறீர்களா? நுனியை ஒடித்துப் பார்க்காமல் ஒரு காயைக்கூடப் பையில் போடமாட்டார்கள். தியாகராய நகரில் புடவை எடுக்கப் போனாலோ, கடைக்குள் பார்த்தது போதாதென்று வாசல் வெளிச்சத்திலும் ஒரு தடவை பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால், ஆத்மாவுக்கு வழிகாட்ட ஒருவரைத் தேடும்போது மட்டும் இந்தச் சாமர்த்தியம் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை! நன்றாகப் பேசுகிறாரா, கூட்டம் சேருகிறதா, அவ்வளவுதான். உடனே சரணாகதி!

எல்லா மதத்தாருக்கும் உள்ள சங்கடந்தான் இது. கிறிஸ்தவ அன்பர்களுக்கு இதைப் பற்றி ஒரு கசப்பான பாடம் 2021-ம் ஆண்டில் கிடைத்தது. இதே சென்னையில் 1946-ம் ஆண்டில் பிறந்தவர் ரவி சகரியாஸ். வெளிநாட்டில் குடியேறி, உலகமெங்கும் பிரசங்கம் செய்து பெரும் புகழ் பெற்றார். அவருடைய புத்தகங்களைப் படித்து விசுவாசத்தில் உறுதிப்பட்டவர்கள் அநேகர். 2020 மே மாதத்தில் அவர் காலமானார். மறு வருஷம் பிப்ரவரியில், அவர் நிறுவிய ஸ்தாபனமே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை வெளிவந்தது. பல பெண்களிடம் அவர் வருஷக் கணக்கில் முறைகேடாக நடந்துகொண்டார் என்று அது கூறிற்று. முன்பு புகார்களை மறுத்து வந்த நிர்வாகக் குழுவினர், அவர் மீது வைத்த நம்பிக்கையால் போதிய கண்காணிப்பு இல்லாமல் விட்டுவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் யாரையுமே நம்பக் கூடாதா? அப்படியல்ல. வழிகாட்டி இல்லாமல் வளர்ந்த பக்தன் அபூர்வம். எப்படிச் சோதிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. சாந்தோம் கடற்கரை வரை போனால் போதும்.

1545-ம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் மயிலைக்கு வந்தார். முத்துக்குளித்துறையில் ஆயிரக் கணக்கான பரதவ மக்களுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்திருந்த காலம் அது. நினைத்தால், "எனக்கு யார் புத்தி சொல்வது?" என்று இருந்திருக்கலாம். ஆனால், மலாக்காவுக்குப் போகலாமா வேண்டாமா என்று அவருக்கே ஒரு குழப்பம். மயிலையில் பங்குக் குருவின் வீட்டில் சுமார் நான்கு மாதம் தங்கி, புனித தோமையாரின் கல்லறை அருகே பிரார்த்தனை செய்த பிறகே அவர் கப்பல் ஏறினார். (இன்று நாம் காணும் பேராலயம் 1896-ல் கட்டி முடிந்தது; கல்லறை இருந்த இடம் அதேதான்.) மறு வருஷம் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்னொரு சேதியும் சொல்கிறார். தம் சகோதரத் துறவிகளின் கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துக்களை வெட்டி எடுத்து, எப்போதும் தம்முடன் வைத்துக்கொண்டிருந்தாராம்!

இதுவே முதல் சோதனை. நமக்கு வழிகாட்டுகிறவருக்கு ஒரு வழிகாட்டி உண்டா? அவர் யாருக்காவது கட்டுப்பட்டவரா? கணக்குக் கேட்க ஆள் இல்லாதவரிடம் நம்மை ஒப்படைப்பது அபாயம்.

இரண்டாவது சோதனையையும் சவேரியாரை வைத்தே சொல்லலாம். அதே 1546-ம் ஆண்டில் போர்த்துகீசிய மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் மறைந்து எட்டு வருஷங்களுக்குப் பின், 1560-ல், அது கோவாவில் ஏற்பட்டது. அதனால் விளைந்த கொடுமைகளைச் சரித்திரம் அறியும். ஆகவே, புனிதர் என்பதற்காக அவர் செய்தது அத்தனையையும் பின்பற்ற வேண்டுமென்பதில்லை. தாம் கிறிஸ்துவைப் பின்பற்றும் அளவுக்கே பிறர் தம்மைப் பின்பற்ற வேண்டும் என்ற கருத்தில்தான் புனித பவுலும் எழுதினார். அளவுகோல் கிறிஸ்து, மற்றவர்கள் அந்தக் கோலால் அளக்கப்படுகிறவர்கள்.

சரி, வழிகாட்டி என்றால் பிரசங்க மேடையில்தான் இருப்பாரா? மயிலையை விட்டுத் தெற்கே, நாஞ்சில் நாட்டுப் பக்கம் போய்ப் பார்ப்போம். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர் நீலகண்ட பிள்ளை. குடும்பத்தில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தார். அவருக்கு ஆறுதல் சொன்னவர் டி லனாய். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு மகாராஜாவின் படையிலேயே சேர்ந்த டச்சுத் தளபதி அவர். துன்பத்திலும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். நண்பரின் மனம் கனிந்ததும், தம்மையே குருவாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வடக்கன்குளத்திலிருந்த பாதிரியாரிடம் அனுப்பி வைத்தார். 1745-ல் ஞானஸ்நானம் பெற்று 'தேவசகாயம்' ஆனவர், 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. குருப்பட்டம் பெறாத ஒரு குடும்பஸ்தர் அவர். அவருக்கு வழி சொன்னவரோ ஒரு போர்வீரர்!

இதில் இருக்கிறது மூன்றாவது சோதனை. நல்ல வழிகாட்டி நம்மைத் தம்மோடு கட்டிப் போடமாட்டார். கடவுளிடம் கைகாட்டி விட்டு ஒதுங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருக்கலாம். ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையாகக் கூட இருக்கலாம். கோபம் வரும்போது என்ன செய்கிறார், பண விஷயத்தில் எப்படி, வீட்டு வேலை செய்பவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அருகில் இருப்பவரிடந்தான் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டியில் தெரியுமா?

கடைசிச் சோதனைக்கு மீண்டும் சாந்தோமுக்கே வருவோம். அங்கே நினைவுகூரப்படும் தோமையார் யார்? ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயங்களைக் கண்ணால் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றவர். இயேசுநாதர் அவரைக் கோபித்து விரட்டவில்லை, "இதோ, பார்!" என்பது போலக் காயங்களைக் காட்டினார். கேள்வி கேட்டவரைத் தள்ளிவிடாத குரு அவர். பக்தியோடு கேட்கும் கேள்விக்கு முகம் சுளிப்பவர், கேட்டவரையே பாவி என்பவர், "இதை வெளியே சொல்லாதே" என்று எச்சரிப்பவர் — இவர்களிடமிருந்து கும்பிட்டுவிட்டு விலகி வந்துவிடுவதே உத்தமம். அதனால் விசுவாசத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. கேள்வி கேட்ட அந்தத் தோமையாரின் பெயரைத்தான் ஒரு பேட்டையே இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது!